வேலையற்றோர்க்குத் தொழிற்பயிற்சி: செலவும் பயனும்
எத்தாளைக் கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

புத்தளக் களப்பிற்கும் இந்து சமுத்திரத்திற்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலமே கற்பிட்டிக் குடாநாடு. கற்பிட்டிப் பட்டினத்திற்குத் தெற்கே இக்குடாநாட்டில் அமைந்த ஊர் எத்தாளை. மீன்பிடி, தென்னை, கிணற்று நீர்ப்பாய்ச்சலில் விளையும் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகியவை இப்பகுதி மக்களின் சீவனோபாயங்கள். கற்பிட்டியிலே 1807 ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களைத் தொகுத்துரைக்கும் தமது ஆங்கில நூலை 1834 இல் வெளியிட்டார். அவர் காலத்து நிருவாகிகள் வரியையும் சனத்தொகையையும் உப்பையும் கணக்கிட்டனர். வேலையின்மை என்று ஒன்றை எவரும் கணக்கிடவில்லை. ஒருவன் தன் குடும்பத் தொழிலினின்றும் பிரிக்கப்பட்டு, கூலிக்கோ சம்பளத்திற்கோ தன்னை முன்வைக்கும் நிலை தோன்றிய பின்னரே அவனை வேலையற்றவன் என எண்ணுதல் சாத்தியமாகின்றது. அவ்வாறு எண்ணத் தொடங்கிய அரசு, அவனுக்கு எதையேனும் கற்பித்தால் வேலை கிட்டும் என்று கருதத் தொடங்கியமையும் இந்நூற்றாண்டுக் கதையின் மறு பாதியாகும். அக்கருத்து எவ்வளவு தூரம் மெய்யாயிற்று, அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்பதையே இக்கட்டுரையில் நோக்க முயல்கின்றோம்.

பயிற்சி என்பது அரசினால் கொண்டுவரப்பட்ட புதுப்பொருள் அன்று. கரைவலைத் தொழிலில் சிறுவன் ஒருவன் முதலில் கயிறு சுருட்டுவான். பின்னர் வலை பொத்தக் கற்பான். நீரோட்டத்தையும் காற்றின் குணத்தையும் மூத்தோரின் பேச்சிலிருந்து அறிந்துகொள்வான். இதற்குக் கட்டணம் இல்லை. எனினும் இலவசம் என்றும் கூறுதல் இயலாது. கற்கும் காலத்தில் அவனுக்குக் கிடைப்பது அரைப்பங்கோ அதிலும் குறைவோ ஆகும். எஞ்சியது சம்மாட்டிக்கும் ஏனைய பங்காளிகளுக்கும் சேரும். சம்மாட்டி கொடுக்கும் முற்பணம் குடும்பத்தின் அடுப்பை எரியவைக்கும் அதே வேளையில் அவனை அவ்வலையோடு கட்டியும் வைக்கும். ஆயினும் இம்முறையில் ஒரு நயம் இருந்தது. கற்றவனுக்கு வேலை உண்டா என்ற வினா எழவே இல்லை. வேலை செய்துகொண்டே அவன் கற்றான். பிற்காலத்துத் திட்டங்கள் பலவற்றுக்கும் இல்லாது போன நயம் இதுவேயாம்.

அரசு சார்ந்த தொழினுட்பக் கல்வி இலங்கையில் 1893 இல் மருதானையில் நிறுவப்பட்ட தொழினுட்பக் கல்லூரியுடன் வேர்கொண்டது. அது புகையிரதப் பகுதி, பொதுவேலைப் பகுதி முதலியவற்றின் தேவைக்கே ஆட்களைத் தயாரித்தது. கிராமத்து இளைஞரை நோக்கிய முயற்சி 1930களில் எழுந்தது. முதலாவது கல்வி அமைச்சரான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் ஆதரவுடன் 1932 இல் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் தொடங்கப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம், பயிர்ச்செய்கையையும் கைப்பணிகளையும் பாடசாலையின் உள்ளே கொண்டுவர முற்பட்டது. நோக்கம் நல்லதே. எனினும் பெற்றோர் அதனை விரும்பவில்லை. நகரத்துப் பிள்ளை ஆங்கிலம் கற்று எழுதுவினைஞனாக, தம் பிள்ளை மாத்திரம் மண்வெட்டி பிடிக்கக் கற்பதா என்று அவர்கள் ஐயுற்றனர். அவர்களை அறியாமையின்பாற்பட்டோர் என ஒதுக்கும் எழுத்துகளை நாம் ஏற்பதற்கில்லை. அன்றைய சம்பள வேறுபாடுகளை நோக்கின் அவர்கள் கணக்கு மிகச் சரியானது. ஒரு பயிற்சியின் பயன், அது திறந்துவிடும் வாயிலின் பயனேயன்றி வேறன்று.

1950களின் பிற்பகுதியில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் அரசின் உதவியுடன் கரையோரங்களுக்கு வந்தன. படகு தவணைமுறைக் கடனாக வழங்கப்பட்டது. இயந்திரத்தைக் கையாளும் பயிற்சி அதனோடு இணைந்தே வந்தது. கற்றவன் கையில் கருவியும் இருந்தமையால் கற்றது வீண்போகவில்லை. ஆனால் படகு பெறாத பெரும்பான்மையோருக்கு அப்பயிற்சியால் யாது பயன்? இயந்திரப் படகு கூடுதலாகப் பிடித்த மீனில் ஒரு பகுதி, இயந்திரமில்லா வள்ளத்தான் முன்னர் பிடித்த மீனே என்பதையும் மறத்தலாகாது. பயிற்சி பெற்றவரின் வருவாய் உயர்வை முழுவதும் நாட்டின் ஆதாயமெனக் கொள்வோர் இதனைக் கழித்துப் பார்ப்பதில்லை.

இனி 1971 ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு ஏப்பிரலில் நிகழ்ந்த கிளர்ச்சியில் கல்வி கற்றும் தொழில் பெறாத இளைஞர் பெருந்தொகையினராக நின்றமை நாட்டை உலுக்கியது. அதே ஆண்டில், சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அபிவிருத்தி ஆய்வு நிறுவனத்தின் பொருளியலாளர் டட்லி சீர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழிலாளர் தாபனம் அமைத்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. வேலைவாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் பொருத்துதல் என்பதே அதன் தலைப்பின் சாரம். வேலைகள் குறைவு என்பது மட்டுமன்றி, கற்றோர் எதிர்பார்க்கும் வேலைக்கும் பொருளாதாரம் தரக்கூடிய வேலைக்கும் இடையே இடைவெளி உண்டு என்பதை அது வலியுறுத்தியது. தேசிய பயிலுநர் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது; வேலைத்தலத்திலே பயிலும் முறைக்கு அதுவே சட்டவடிவம் தந்தது.

1972 இன் கல்விச் சீர்திருத்தம் இவ்வழியில் மேலும் ஓரடி சென்றது. கனிட்ட இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்கள் சேர்க்கப்பட்டன. அவை அந்தந்தப் பிரதேசத்துத் தொழில்களைச் சார்ந்து அமையவேண்டும் என்பது கொள்கை. கரையோரப் பாடசாலைக்கு மீன்பிடி, வயலூருக்கு நெற்செய்கை என்றாற்போல. ஹந்தெஸ்ஸவில் எழுந்த அதே குரல் நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் எழுந்தது: மீனவன் மகனை மீனவனாகவே நிறுத்திவைக்கும் சூழ்ச்சி இது என்று. கடலை அவனுக்குக் கற்பிக்க ஆசிரியருக்குத் தகுதி ஏது என்ற கேலியும் கேட்டிருத்தல் கூடும். அது முற்றிலும் நியாயமற்றதன்று. 1977 இல் ஆட்சி மாறியபின் அப்பாடங்கள் மறைந்தன.

அவ்வாண்டின் பொருளாதாரத் திருப்பம் நமது பொருளுக்கு வேறொரு சான்றையும் தருகின்றது. அதற்கு முந்திய இரு தசாப்தங்களிலும் கிராமத்துப் பெண்களுக்கெனக் கைத்தறி நிலையங்கள் நாடெங்கும் அமைக்கப்பட்டு நெசவு கற்பிக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் அத்துணி விலைபோயிற்று. 1977 இன் பின் மலிவான துணிகள் தடையின்றி வந்திறங்கவே தறிகள் ஓய்ந்தன. நெய்தோர் கற்றதை மறக்கவில்லை. அவர்தம் திறன் குன்றவுமில்லை. சந்தை மாத்திரம் மறைந்துபோயிற்று. 1976 இல் இப்பயிற்சியின் பயனை ஒருவர் கணக்கிட்டிருப்பின் இலாபம் எனவும், 1980 இல் கணக்கிட்டிருப்பின் நட்டம் எனவும் எழுதியிருப்பார். இரண்டும் அவ்வக்காலத்திற் சரியான கணக்குகளே.

மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி அளவீடுகளின்படி 1973 இல் 24 சதவீதமாக இருந்த வேலையின்மை 1981/82 இல் ஏறத்தாழ 12 சதவீதமாக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்கு இடைக்காலத்துப் பயிற்சித் திட்டங்களைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. மகாவலித் திட்டத்தின் கட்டுமானம், 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம், மத்திய கிழக்கிற்குச் சென்ற ஆயிரமாயிரம் ஆண் பெண்கள் ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிட்டு அவ்வாறு கூறுதல் பொருந்தாது. வேலை பெருகியபோது பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் ஒருங்கே உள்வாங்கப்பட்டனர்.

இவ்விடத்துக் கணக்கின் முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பயிற்சியின் செலவு எனும்போது கட்டடம், கருவி, ஆசிரியர் சம்பளம் ஆகியவையே அறிக்கைகளில் இடம்பெறும். பயிலுநருக்குக் கொடுக்கும் படியும் செலவென எழுதப்படும். அரச திறைசேரிக்கு அது செலவே. நாட்டை முழுமையாக நோக்கின் அது ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் பணமேயன்றி அழிந்த வளம் அன்று. மாறாக, எந்த அறிக்கையிலும் காணப்படாத செலவொன்று உண்டு. அது பயில்பவன் பயிலும் நாளில் உழைக்காது விட்ட வருவாய்.

எத்தாளையைச் சேர்ந்த இருபது வயது இளைஞன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். கணக்கின் வசதிக்காக மட்டுமே சில எண்களைக் கொள்கின்றோம். குடாநாட்டின் மேற்குக் கடலில் வாடைக்காலமாகிய கார்த்திகை முதல் சித்திரை வரை கடல் தணிந்திருக்கும். அப்போது அவன் மாதம் 30,000 ரூபா உழைப்பான் என்க. தென்மேற்குக் காற்று எழும்பும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். களப்பு மீனும் தோட்டத்துக் கூலியுமாக மாதம் 8,000 ரூபா தேறும் என்க. ஆறு மாதப் பயிற்சியொன்றை வாடைக்காலத்தில் நடத்தினால் அவன் இழப்பது 180,000 ரூபா. அதே பயிற்சியைக் காற்றுக்காலத்தில் நடத்தினால் இழப்பு 48,000 ரூபா. பயிற்சியின் பின் அவன் வருவாய் மாதம் 3,000 ரூபா உயருமாயின் ஆண்டொன்றுக்கு ஆதாயம் 36,000 ரூபா. முதலாவது வகையில் இழந்ததை மீட்க ஐந்து ஆண்டுகள். இரண்டாவதில் ஒன்றேகால் ஆண்டிற்குச் சற்றுக் கூட. அரசின் செலவு ஆளொன்றுக்கு ஓர் இலட்சம் எனக் கூட்டினால், நாட்டுக்கான மீட்புக்காலம் ஏறத்தாழ எட்டு ஆண்டாகவும் நான்கு ஆண்டாகவும் வேறுபடும். பாடத்திட்டம் ஒன்றே, ஆசிரியர் ஒருவரே, மாணவனும் ஒருவனே. நாட்காட்டி மாத்திரம் வேறு. வரவு செலவுத் திட்ட ஆண்டு தை மாதத்தில் பிறக்கின்றது என்பதற்காகப் பயிற்சியையும் தையில் தொடங்கும் வழமை, கடலோடிக் குடும்பத்திடம் எவ்வளவு பெரிய வரியை அறவிடுகின்றது என்பதை இவ்வெண்கள் காட்டும். பிள்ளைகள் இடையிலே விலகிவிடுகின்றனர் என்று அதிகாரிகள் குறைகூறுவதைப் பலகாலும் கேட்டுள்ளோம். அவர்கள் விலகும் மாதங்களைக் குறித்து வைத்தோரை நாம் கண்டதில்லை.

பயனை அளப்பதிலும் இக்கடற்காற்று ஒரு பொறி வைத்துள்ளது. அமெரிக்காவில் 1962 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் வேலையற்றோர்க்குப் பெருமளவில் பயிற்சியளிக்கப்பட்டது. அதன் பயிலுநர்களை ஆராய்ந்து 1978 இல் கட்டுரை வெளியிட்ட ஓர்லி ஆஷன்பெல்டர் என்னும் பொருளியலாளர், பயிற்சிக்குச் சேருமுன் அவர்களின் வருவாய் வழமைக்குக் கீழே இறங்கியிருந்தமையைக் கண்டார். வருவாய் இறங்கியதாலேயே அவர்கள் பயிற்சியை நாடினர். இறங்கியது தானாகவே மீளவும் ஏறக்கூடும். ஆதலின் சேருமுன் இருந்த வருவாயையும் முடித்தபின் இருந்த வருவாயையும் ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் பயனெனல் பிழை. இதனை விளங்கிக்கொள்ள எத்தாளை மீனவனுக்கு நூலொன்றும் வேண்டியதில்லை. ஆடியிலே கையில் காசின்றி வகுப்பிற்குச் சென்றவன் மார்கழியிலே நன்றாக உழைப்பது, வகுப்பினால் அன்று; வாடையினால்.

இதனாலேயே ஒப்பீட்டுக் குழு இன்றியமையாததாகின்றது. 1986 இல் ரொபேட் லாலொண்ட், குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்ட குழுக்களின் முடிவையும், புள்ளிவிபர நுட்பங்களால் பின்னர் தேடிச் சேர்க்கப்பட்ட குழுக்களின் முடிவையும் அருகருகே வைத்து, இரண்டும் பலவிடத்து ஒவ்வாமையைக் காட்டினார். அதன் பின்னர் அமெரிக்காவில் ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டு, 1987 முதல் 1989 வரை சேர்ந்தோரைக் குலுக்கலாற் பிரித்து, நடத்தப்பட்ட பேராய்வில் வளர்ந்த ஆண் பெண்களுக்கு மிதமான ஆதாயம் கிடைத்தது; அது செலவையும் மிஞ்சியது. இளைஞர்க்கோ பயன் ஏதும் தென்படவில்லை. கொலம்பியாவில் நகர்ப்புற ஏழை இளைஞர்க்கு மூன்று மாத வகுப்பும் மூன்று மாத வேலைத்தலப் பயிற்சியும் அளித்த திட்டத்தில் பெண்களின் வருவாய் ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்தது. ஆண்களிடத்து அத்தகைய உயர்வு காணப்படவில்லை. வளர்முக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் எழுதிய டேவிட் மெக்கன்சி, நூறு பேருக்குத் தொழிற்பயிற்சி அளிக்க முன்வந்தால், அஃதின்றேல் வேலை பெற்றிராதோருள் மூவருக்கும் குறைவானோரே அதனால் வேலை பெறுகின்றனர் என்ற முடிவிற்கு வந்தார். பட்டமளிப்பு விழாக்களில் வாசிக்கப்படும் சதவீதங்களை அறிந்தோர்க்கு இது அதிர்ச்சி தரும். அவ்வறிக்கைகள் வேலை பெற்றோரை எண்ணுகின்றன. பயிற்சியின்றியே வேலை பெற்றிருக்கக்கூடியோரைக் கழிப்பதில்லை.

பிரான்சு நாட்டிலே 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று பிறிதொரு கசப்பையும் சேர்த்தது. வேலைதேட உதவி பெற்றோரின் ஆதாயத்தில் ஒரு பகுதி, அவ்வுதவி பெறாத பிற வேலையற்றோரின் இழப்பாகவே இருந்தது. வேலைகளின் தொகை மாறாதவிடத்து வரிசையிலே ஒருவர் முன்னேறினால் மற்றொருவர் பின்தள்ளப்படுவார். இதனைக் கற்பிட்டிக் குடாநாட்டின் அண்மைய வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தள மாவட்டத்திலும், மன்னாரிலிருந்து கடல்வழி வந்தோர் உட்படப் பலர் இக்குடாநாட்டிலும் தங்கினர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளரான காலஞ்சென்ற எஸ். எச். ஹஸ்புல்லா இவ்விடப்பெயர்வைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். வந்தோர் வெறுங்கையர், திறனற்றோர் அல்லர். வணிகர், கமக்காரர், மீனவர், தையற்காரர், ஆசிரியர் ஆகியோர் அவர்களுள் இருந்தனர். அவர்கள் இழந்தது நிலமும் தோணியும் கடையும் வாடிக்கையாளரும். வெங்காயத் தோட்டங்களிலே அவர்கள் கூலிக்கு நின்றபோது கூலி வீதம் பற்றிய உரசல் உள்ளூர் உழைப்பாளருக்கும் அவர்களுக்கும் இடையே எழுந்தது. முகாம்களில் தையலும் தச்சும் கற்பிக்கும் வகுப்புகள் நடந்தன. தையல் அறிந்த பெண்கள் ஏற்கெனவே பலராயிருந்த இடத்தில் மேலும் பலருக்குத் தையல் கற்பிப்பதால் தைக்கும் கூலி குறையுமேயன்றித் தைக்கவேண்டிய துணி கூடாது. வேண்டப்பட்டது முதலும் நிலமுமாக இருக்க, கொடுக்க எளிதானது வகுப்பாக இருந்தது. இவ்வாறு கூறுவதால் அவ்வகுப்புகளைப் பயனற்றவை என்று தள்ளுகின்றோம் என எண்ணற்க. முகாமின் நீண்ட பகற்பொழுதில் ஒன்றுகூடி எதையேனும் செய்வதற்கு ஓரிடம் இருந்தமை பொருளியலாளர் எழுதும் எந்தக் கட்டத்திலும் அடங்காத பயன். ஆனால் அதனை வேலைவாய்ப்பு எனப் பெயரிட்டுக் கணக்கெழுதுதல் வேறு.

பிற்காலத்து அமைப்புகளை விரைந்து கடப்போம். 1990 இன் சட்டத்தால் மூன்றாம் நிலைக் கல்விக்கும் தொழிற்கல்விக்குமான ஆணைக்குழு வகுக்கப்பட்டது. 1995 இல் தொழிற்பயிற்சி அதிகார சபை சட்டமாயிற்று. 2000களின் நடுப்பகுதியில் ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் பெருகின. எனினும் மார்ட்டின் ராமா முதலிய ஆய்வாளர் 1990களின் இறுதியில் எழுப்பிய வினா நின்றவாறே நிற்கின்றது. இலங்கை இளைஞர் திறனின்மையாலா வேலையின்றி உள்ளனர், அன்றி அரச உத்தியோகம் போன்ற காப்புள்ள வேலைக்காகக் காத்திருப்பதாலா? சீர்ஸ் குழுவின் பொருத்தமின்மைக் கொள்கைக்கு எதிராக இது வரிசைக் கொள்கை என வழங்கும். காத்திருத்தலே காரணமாயின், பயிற்சி அவ்வரிசையைக் குறைக்காது. சில வேளை நீட்டவும் கூடும். 2020 இல் 50,000 வரையான பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா படியுடன் ஓராண்டுக்குப் பயிலுநராக அரச அலுவலகங்களிற் சேர்க்கப்பட்டனர். குறைந்த கல்வியும் வருமானமும் உடைய ஓரிலட்சம் பேருக்கென வேறொரு செயலணியும் அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டு, ஆறுமாதப் பயிற்சிக்குப் பின் நிரந்தர நியமனம் என அறிவிக்கப்பட்டது. பயிற்சி என்னும் சொல் இங்கே நியமனத்தின் முன்னறையைக் குறிக்கின்றது. அம்முன்னறைக்கு வெளியே அடுத்த அறிவிப்பிற்காக நிற்போரின் ஆண்டுகளும் இத்திட்டத்தின் செலவே. இரண்டே ஆண்டுகளில், 2022 இல், அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாது நின்றதை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

பெண்களைப் பொறுத்தமட்டில் இக்கரையின் மெய்யான தொழிற்சந்தை நீண்டகாலமாகக் கடலுக்கு அப்பால் உள்ளது. 1985 இன் சட்டத்தால் தோன்றிய வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வீட்டுப்பணிக்குச் செல்லும் பெண்களுக்குப் புறப்பாட்டின் முன் பயிற்சியைப் பின்னர் கட்டாயமாக்கியது. குறுகியது, குறிக்கோள் தெளிவானது, முடிந்தவுடன் வேலை காத்திருப்பது. செலவு பயன் கணக்கில் இதனை விஞ்சும் பயிற்சி நாட்டில் அரிது. ஆனால் விட்டுச்சென்ற குழந்தையை வளர்த்த அம்மம்மாவின் உழைப்பை அக்கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மொழிபற்றியும் ஒன்று சொல்லவேண்டும். புத்தளம், சிங்களம் பேசுவோர் பெரும்பான்மையினராயுள்ள மாவட்டம். தமிழ் பேசுவோர் பெரிதும் அதன் கரையோரப் பகுதிகளில் வாழ்கின்றனர். உயர்ந்த மட்டத்துத் தொழினுட்பப் பாடநெறிகளுக்குத் தமிழ் மொழிமூல ஆசிரியர் கிடைத்தல் நாடெங்கும் அரிதாகவே இருந்து வந்துள்ளது. ஆகவே எத்தாளை இளைஞன் ஒருவன் குளிரூட்டல் தொழினுட்பமோ காய்ச்சி ஒட்டும் தொழிலோ கற்கவேண்டின், தொழிலோடு மொழியையும் சேர்த்தே கற்றாக வேண்டும். அன்றேல் தொலைவூர் சென்று தங்க வேண்டும். அயலிலுள்ள நுரைச்சோலையில் 2011 இல் முதற்பிரிவும் 2014 அளவில் 900 மெகாவாற்று முழுமையும் பெற்ற அனல்மின் நிலையம் எழுந்தபோது, குடாநாட்டார் அதிலே வேலைகளை எதிர்பார்த்தனர். கட்டுமானக் காலத்தில் வேண்டப்படும் கைத்தொழிலாளர் வேறு. இயங்கும் காலத்தில் வேண்டப்படுவோர் வேறு, தொகையிலும் சிலர். தகைமை தேடி வெளியூர் சென்று திரும்புதற்கு ஓரிரு ஆண்டு பிடிக்கும். ஆலையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

தொழிற்றகைமைச் சட்டகத்திலே அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு. முன்னரே தொழிலறிந்த ஒருவரை வகுப்பில் இருத்தாது, செய்துகாட்டச் சொல்லிப் பரீட்சித்து, சான்றிதழ் அளிக்கும் முறை அது. வெளியிணைப்பு இயந்திரத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிப் பூட்டக்கூடியோர், பத்தாண்டு மேசன் வேலை செய்தோர், படகுக்கு நாரிழை பூசுவோர் இக்கரையில் உளர். அவர்கள் கைவசம் தாளொன்றும் இல்லை. இவர்க்கு இழப்பு சில நாட்கூலி மாத்திரமே. அரசுக்குப் பரீட்சகரின் படியும் போக்குவரத்தும். இதனால் புதிய திறன் எதுவும் நாட்டில் தோன்றவில்லையே என்று மறுக்கலாம். மறுப்பு உண்மைதான். எனினும் கொழும்பிலோ கட்டாரிலோ உள்ள முதலாளி, எத்தாளையில் எவரிடமும் விசாரிக்க இயலாதவன், அத்தாளைக் கண்டு கூலியை உயர்த்தித் தருகின்றான். வலை இழுக்கும் கரையில் ஒருவன் கைத்திறனுக்குச் சம்மாட்டியின் வாய்ச்சொல்லே சான்றாயிருந்தது. அச்சொல் குடாநாட்டின் எல்லையைத் தாண்டியதில்லை. பரீட்சகர் எத்தாளைக்கு வரும் நாளைக் காற்றுக்காலத்தில் வைப்பரா என்பதே இனிக் கேட்க வேண்டியது.